ஃபோர்மலுக்கு நடந்து போன பஸ்

1

சிட்னியின் லிட்கமில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு முழு பஸ்ஸை நடக்க வைத்தவர் தேவராஜா. இந்தப் பெருமையிலிருந்துதான் கதை பிறந்தது. தேவராஜா நான்தான், 'அவர்' என்று எழுதினால் புளுக வசதி.

"பஸ் நடந்ததாம். முழுப் புளுகு," என்றாள் கையெழுத்துப் பிரதியை வாசித்த மனைவி யோகா.

2

"செவ்வானம் பூசிய மாலையில்..." வேண்டாம். நாட்காட்டியிலிருந்து தொடங்குவோம்.

பக்கத்து வீட்டு வினுஷாவுக்கு அன்று ஃபோர்மல்: பள்ளிக்கூடத்தின் கடைசி நடன விருந்து. தாய்தகப்பனுக்கு வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளையை உடுத்தி அனுப்புவது யோகாவின் பொறுப்பு. ஐந்து மணிக்குச் சிநேகிதிகள் லிமோசின் எனும் நீட்டுக் காரில் வந்தார்கள்.

"ராகு காலம். ஐஞ்சரைக்குப் பிறகு வெளிக்கிடலாம்," என்றாள் யோகா.

(யாழ்ப்பாணத்துப் பத்தரை முதல் பன்னிரண்டு, சிட்னியில் மாலை நான்கு முதல் ஐந்தரை. ராகுவும் புலம்பெயர்ந்துவிட்டார் என்பது அவள் கணக்கு.)

கார் போய்விட்டது.

"டாக்ஸியில போய் இறங்கினா சிரிப்பினம். நான் போகேல்ல, அங்கிள்," என்று வினுஷா செருப்பைக் கழற்றினாள்.

தேவராஜா அகராதியை எடுத்தார். "அமெரிக்காவில இதுக்குப் 'புரொம்' எண்டு பேர். 'புரொமெனாட்' எண்டதின்ர தலை மட்டும். அர்த்தம், உலா. விருந்தாளியள் வரிசையா நடந்து உள்ள போறது. காரில போறவைதான் பிழை."

"சீரியஸ்லி, அங்கிள்?"

"ஓம். நட."

3

நடைபாதை கிண்டிக் கிடந்தது. ஐந்தரை தாண்டியதும் வீதியோரமாக அவள் நடந்தாள். நீல கவுனின் வாலைப் பிடித்தபடி தேவராஜா. பின்னால் ஒரு பஸ். முந்தவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. கோயில் தேர்போல ஊர்ந்து வந்தது.

மண்டப வாசலில் முந்நூறு பேர் கைபேசியை உயர்த்தினார்கள்.

(யோகா: "நாப்பது." வீட்டிலிருந்தவளுக்கு எண்ணிக்கை எப்படித் தெரியும்? பிறகு யோசிப்போம்.)

4

முடிவு ஒன்று: வினுஷா நிமிர்ந்து உள்ளே போகிறாள். முடிவு இரண்டு: பஸ் சாரதி இறங்கி ஆடுகிறார். எனக்கு இரண்டாவதுதான் விருப்பம். வாசகரே, நீங்களே...

யோகா பேனையைப் பறித்தாள்.

"ஒருத்தரும் ஆடேல்ல. பஸ் வந்தது, ஓம். நான் அதுக்குள்ள இருந்தனான்."

நான் பிரதியை அவள் பக்கம் தள்ளினேன்.

"என்னாலதானே பிள்ளை காரை விட்டது. கால் நொந்தா ஏத்துவம் எண்டு, மெல்ல வரச்சொல்லி டிரைவரைக் கெஞ்சினனான்."