பின்விளக்கில் படிந்த சுண்ணாம்பு

நேற்று மாலை எல்லைச் சாவடியில் என் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருட்டிய பிறகு பின்விளக்கு எரியாத மோட்டார் இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் போகக் கூடாதாம். சரி என்றேன். திரும்பும் வழியில் தென்னைகள் தண்ணீருக்கடியில் நிற்பவை போல் ஆடின. போகாமல் திரும்பியது ஆறுதலாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடலூரில் என் மாமியார் அகஸ்டினா வீட்டில் மகள் இருக்கிறாள். பதினோரு மாதம். அவளைப் பெற்ற மூன்றாம் நாள் என் மனைவி அமலோற்பவம் கண்ணை மூடிவிட்டாள். நாளை விடியற்காலை அமலோற்பவத்தின் அக்காளும் அத்தானும் சைகோனுக்குப் புறப்படுகிறார்கள். இன்று நான் போய்த் தூக்கி வராவிட்டால் குழந்தை அவர்களோடு போகும். பேச்சு அப்படி.

பிரெஞ்சுக் கச்சேரியில் எழுத்து வேலை முடிந்து சாமிக்கண்ணுவின் பட்டறைக்கு வர ஐந்தாகிவிட்டது. மில்லில் மின்சார வேலை பார்த்தவன். இப்போது மோட்டார்களைப் பார்க்கிறான். பல்பைக் கழற்றி பாட்டரியில் தொட்டுப் பார்த்தான். எரிந்தது.

"பல்பு நல்லா இருக்கு முசே. ஒயர்லயும் கரண்டு வருது. நடுவுல எவனோ பூந்துட்டான்."

விளக்குக் கூட்டைத் திருகி இறக்கினான். உள்ளே வெள்ளைப் பொருக்கு. பித்தளை பச்சை பூத்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தான்.

"சுண்ணாம்பு. வண்டிக்குமா வெள்ளை அடிக்கிறீங்க?"

"கல்லறைக்கு. பின்னாடி வாளியில வச்சுக் கொண்டுபோவேன். தளும்பும்."

"கல்லறைத் திருநாளு போன மாசமே போயிடுச்சே. இது இன்னும் ஈரமா இருக்கு."

"ஞாயித்துக்கிழமை தோறும் அடிக்கிறேன்."

"எத்தினி நாளா?"

"பதினோரு மாசம்."

பொருக்கைச் சுரண்டினான். பிறகு, "அப்ப கல்லறை ஒரு சுத்து பெருத்திருக்குமே முசே" என்றான்.

சிரிப்பு வரும் போலிருந்தது. வரவில்லை.

"கரண்டு ஒயர்ல வந்து, வண்டி இரும்பு வழியாத் திரும்பிப் போவணும். சுண்ணாம்பு குறுக்க நின்னுக்கிச்சு. திரும்ப வழியில்ல."

அரித்துப்போன ஒயர் நுனியை வெட்டினான். புது ஒயரை முறுக்கிச் சேர்த்துத் துணி நாடா சுற்றினான். விளக்கு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தான். வெள்ளைத் தூள் எழுந்து சாய்வெயிலில் நின்றது, விழவே இல்லை. அமலோற்பவம் பவுடர் பூசி முடித்த அறையில் வெயில் இப்படித்தான் நிற்கும். எங்கோ கோயில் மணி அடித்தது. அதுவும் தூளோடு மிதந்தது போல் இருந்தது.

சாமிக்கண்ணு கூட்டை முடுக்கிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தான். சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது.

"எரியுதா முசே?"

முன் இருக்கையிலிருந்து அவனுக்குப் பின்விளக்கு தெரியாது. நான் மட்டுந்தான் பின்னால் நின்றேன். இல்லை என்று சொன்னால் போதும். இருட்டிவிடும். வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வாளியை எடுக்கலாம்.

என் வேட்டியில் சிவப்பு விழுந்திருந்தது. குனிந்து கையை நீட்டினேன். உள்ளங்கையிலும் விழுந்தது. பிறந்த அன்று மகளின் பாதம் இந்த நிறத்தில் இருந்தது. ஒரே ஒரு முறை பிடித்துப் பார்த்தேன்.

"முசே, தூங்கிட்டீங்களா? எரியுதா இல்லியா?"

"எரியுது" என்றேன்.

பின்னாலிருந்த வாளியை எடுத்து அவன் பட்டறைச் சுவரோரம் வைத்தேன். "இது இங்க இருக்கட்டும்."

"எனக்கெதுக்கு முசே?"

"வண்டியில இடம் வேணும்."

சாவடியில் நேற்றைய ஆள் வண்டியைச் சுற்றிப் பின்னால் போனான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் சிவந்து தெரிந்தது. போ என்று கையை அசைத்தான்.