இடம் மாறிய கசிவு

மூன்றாவது முறையாக அந்தப் பிக்கப் தன் பட்டறைக்குள் வந்து நின்றதும் ஜெய்லானி குனிந்து இடது பின்சக்கரத்தைத்தான் பார்த்தார். இரண்டு முறை கழற்றி, இரண்டு முறையும் தன் கையாலேயே, ஆயிலை உள்ளே தடுத்து நிறுத்தும் புது ரப்பர் சீல் போட்ட சக்கரம். டயரின் உட்புறம் காய்ந்து, புழுதி படிந்து, கறையே இல்லாமல் இருந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து வண்டிக்காரன் முத்துக்கருப்பனின் குரல் கேட்டது.

“அங்கன இல்ல பாய். இப்ப இங்கன.”

சுற்றிப் போய்ப் பார்த்தார். வலது பின்சக்கரம் நனைந்துகிடந்தது. டிரம்மின் விளிம்பிலிருந்து, ஆக்சிலின் நடுவிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தின் ஆயில் கறுப்பாக வழிந்து, ரிம்மில் கோடு கோடாக இறங்கித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக் கருகிய வாடையும் சேர்ந்து வந்தது.

“நேத்து வரைக்கும் இந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல,” என்றான் முத்துக்கருப்பன். “இப்ப ஆலங்குளத்துக்குச் சிமெண்டு ஏத்தப் போயிட்டு வாரேன். பாலத்து இறக்கத்துல மிதிச்சா வண்டி நிக்காம வழுக்கிட்டுப் போகுது. நாளைக்கு விடிய மதுரைக்குப் பட்டாசு லோடு இருக்கு பாய். சீசன் லோடு. விட்டா இந்த வருசம் கம்பெனியில திரும்பக் கூப்பிட மாட்டாக.”

“பட்டாச ஏத்திக்கிட்டு வழுக்கிட்டே போலாம்னு இருந்தியாக்கும்?”

“அதான் நேரா இங்கன வந்துட்டேன்ல.”

ஜெய்லானி ஆயிலை விரலால் தொட்டுப் பார்த்தார். திருத்தங்கலில் பிக்கப், லாரி வைத்திருப்பவர்களுக்கு அவர் கையில் நம்பிக்கை உண்டு. அவர் போட்ட சீல் இரண்டு வருஷத்துக்குள் ஒழுகினதாகப் பேச்சே கிடையாது. இந்த ஒரு வண்டிதான் மூன்று மாதமாக அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்தது. முதல் முறை கடைக்காரன் மட்டமான சீலைத் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தார். இரண்டாம் முறை நல்ல சீல் வாங்கி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்து, பேரிங்கையும் மாற்றிப் போட்டார். அந்தச் சீல் நின்றுவிட்டது. ஆனால் ஆயில் நிற்கவில்லை. வழியைத் தேடிக்கொண்டு மறுபக்கம் போயிருக்கிறது.

ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வைகாசி மாதம் வெடிவிபத்து நடந்தது. முத்துக்கருப்பனின் மனைவி செல்வலட்சுமி அதில் போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் வண்டியை எடுத்த அன்றுதான் முதல் கசிவு தெரிந்தது. புருஷனைத் தனியே விட்டுப்போன துக்கத்தில் அவள்தான் வண்டியில் உட்கார்ந்து அழுகிறாள் என்று டீக்கடையில் யாரோ சொல்லிவிட்டார்கள். ஜெய்லானி அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். இப்போது அந்த வலது சக்கரத்தைப் பார்க்கையில், ஒரு கண்ணைத் துடைத்தால் மறு கண்ணில் வருகிறது என்று நாளைக்குச் சொல்வார்களே என்று தோன்றியது. அந்த நினைப்பு அவருக்குள்ளேயே எப்படி வந்தது என்று எரிச்சலாகவும் இருந்தது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. டீயோடு வந்த அவர் மனைவி கமருன்னிசா வாசலோடு நின்றாள்.

“மறுபடியும் அதே வண்டியா?”

“வண்டி அதேதான். சக்கரம் வேற.”

“உங்க கைராசியப் பத்தி ஊரே பேசப்போகுது,” என்றாள். டம்ளர்களை அங்கிருந்தே நீட்டினாள். இந்த வண்டி வந்து நின்றால் அவள் பட்டறைக்குள் கால் வைப்பதில்லை. கொடியில் கிடக்கும் துணியைக்கூட எடுத்துவிடுவாள். கேட்டால், புழுதி என்பாள்.

முந்தைய இரண்டு முறையும் வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில்தான் கழற்றினார். இன்றைக்கு அதற்கு நேரமில்லை. சூடு அடங்குமுன்னே ஜாக்கி போட்டுத் தூக்கி, இரும்புக் கால்களில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினார். ஆக்சில் ஷாப்ட்டின் முகத்திலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசிப் போல்ட்டும் வந்தபின் ஷாப்ட்டை லேசாக அசைத்து இழுத்தார்.

உள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

நீளமான, நிதானமான பெருமூச்சு. சூடான காற்று அவர் மணிக்கட்டில் பட்டது. அதன் பின்னாலேயே ஆயில் குபுக்கென்று தள்ளிக்கொண்டு வந்து அடியில் வைத்திருந்த தட்டில் விழுந்தது. பக்கத்து அச்சகத்தில் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அந்த மூச்சு மூன்று பேருக்கும் கேட்டது. கமருன்னிசா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். முத்துக்கருப்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“என்ன பாய் அது?”

ஜெய்லானி ஷாப்ட்டைப் பிடித்தபடியே யோசித்தார். வண்டி ஓடினால் கிரவுன் சூடாகும். உள்ளே காற்று விரியும். அது வெளியே போவதற்கென்று ஆக்சில் குழாயின் மேல் ஒரு சின்ன மூச்சுக்குழல் வைத்திருப்பார்கள். அது திறந்திருந்தால் உள்ளே இவ்வளவு காற்று அடைபட்டுக் கிடக்காது. போக வழியில்லாத காற்று ஆயிலைத் தள்ளும். ஆயில் எந்தச் சீல் இளைத்ததோ அதைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். இடது பக்கம் புதுசு போட்டால் வலது பக்கம்.

“ஒண்ணுமில்லலே. மூச்சுக்குழல் அடைச்சிருக்கு,” என்றார். சத்தமாகவே சொன்னார், உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று. “இம்புட்டு நாளும் நான்தான் பாக்காம விட்டுட்டேன். சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்துபோய்க் கையை ஆக்சிலின் மேல்புறம் விட்டுத் தடவினார். கிரீஸும் புழுதியும் அடை அடையாக அப்பியிருந்தன. குழலின் மூடி இல்லை. மூடி இருக்கவேண்டிய வாயில் கெட்டியாக ஏதோ இருந்தது. குளவி கூடு கட்டியிருக்கும் என்றுதான் நினைத்தார்; நின்ற வண்டிகளில் சாவித் துவாரத்தில்கூட அது மண் வைக்கும். விரலால் மேலே வருடினார். சொரசொரப்பே இல்லை. நடுவில் வழவழவென்று ஒரு குழி. அவருடைய பெருவிரல் அந்தக் குழிக்குள் போய்ப் பொருந்தப் பார்த்தது, முழுதாக இறங்கவில்லை. அவர் விரலைவிடச் சின்ன விரல் அங்கே அழுத்தியிருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“முத்து, அந்தப் போன் லைட்ட அடி. மேல, மேல பிடி.”

முத்துக்கருப்பனும் அடியில் நுழைந்தான். வெளிச்சம் விழுந்த இடத்தில் தெரிந்தது குளவி வைத்த மண் இல்லை. பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்குள் மருந்து கெட்டித்தபின் அடியை மூடுவதற்கு வைக்கிற களிமண். இடித்து இறுக்கி, ஓரத்தைச் சுற்றி வழித்து, கடைசியில் பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தி முடித்திருந்தது. ரேகைகள்கூடப் பதிந்திருந்தன. அவற்றுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது.

ஜெய்லானி திருப்புளியைத் தேடிக் கையை நீட்டினார்.

“பாய்,” என்றான் முத்துக்கருப்பன். “கைய எடுங்க.”

அவன் குரல் மாறியிருந்தது.

“அவ பெருவிரல்ல ஒரு வெட்டுத் தளும்பு உண்டு. கல்யாணத்துக்கு முந்தி அட்டை வெட்டையில கத்தி பட்டது. அடிமண் வைக்கிற எல்லாச் சட்டியிலயும் அந்தக் கோடு விளும். போர்மேனு கேலி பண்ணுவாராம், இது செல்வலட்சுமி கம்பெனி லேபிளான்னு.”

பிறகு அவன் சொன்னான். விபத்துக்கு முந்தின வாரம், ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தான். கோலப்பொடி டப்பா உருண்டு அடியில் போய்விட்டது என்று அதை எடுக்கக் குனிந்தவள், ஓட்டையிலிருந்து புகை வருது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஆயில் ஆவிடி, எல்லா வண்டியிலயும் வரும்னேன். கேக்கல. பட்டாசு ஏத்துற வண்டிக்கு அடியில வெக்கையா எதும் வரக் கூடாதுன்னா. சிரிச்சுட்டுத் தூங்கிட்டேன். மறுநா வேலைக்குப் போயிட்டு வரையில மண்ணு கொண்டாந்து வச்சிருப்பா போல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

சொன்னாலும் நீ கழற்றிப் போட்டிருப்பாய் என்று ஜெய்லானி நினைத்தார்.

“ஆஸ்பத்திரியில எனக்கு மெட்டியத்தான் காட்டுனாக பாய். இதானான்னு கேட்டாக. ஆமான்னேன். கையக் காட்டச் சொன்னேன். வேண்டாம்னுட்டாக.”

அவன் விரலை நீட்டினான். தொடாமல் மடக்கிக்கொண்டான்.

“இது இப்படியே இருக்கட்டும். நீங்க வலப்பக்கம் சீல் மட்டும் போடுங்க. ஒளுகுனா ஆயில் ஊத்திக்கிடுதேன். மறுபடி போச்சுன்னா மறுபடி வாரேன்.”

“அது ஆவாது முத்து.”

“என் வண்டி பாய்.”

“உன் வண்டிதான். சக்கரத்த நான்ல மாட்டணும்.”

முத்துக்கருப்பன் வெளியே நகர்ந்து எழுந்து போய், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டான். ஜெய்லானிக்குத் தெரிந்தது வேலைதான். பெரிய நட்டைக் கழற்றி ஹப்பை டிரம்மோடு சேர்த்து இழுத்து எடுத்தார். பழைய சீலின் ரப்பர் உதடு வெளிப்புறமாகப் பிதுங்கி மடிந்திருந்தது. பிரேக் லைனிங் முழுக்க ஆயில் குடித்திருந்தது. ஒரு லைனிங்கைத் தனியே எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் சுவர் மேல் வைத்தார். அது கருகி, மினுங்கி, ஓரத்தில் பொரிந்து போயிருந்தது. இன்னும் சூடு இருந்தது.

வண்டிக்குத் திரும்பி வந்துவிட்டார்.

முத்துக்கருப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தருகே கொண்டுபோனான். வாடை ஏறியதும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். வாசல் மறைவிலிருந்து கமருன்னிசா எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ, மூன்று மாதத்தில் முதல் தடவையாக வண்டியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

“தம்பி,” என்றாள். “அந்தப் புள்ள இதுக்குத்தானப்பா பயந்துச்சு.”

அச்சகத்தில் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் தட்டில் ஆயில் சொட்டுவது மட்டும் கேட்டது.

“உடையாம வருமா பாய்?” என்றான் கடைசியில்.

“குளலோட சேத்துத்தான் எடுக்கணும். மரை துருவேறி இருக்கு. டீசல் விட்டா மண்ணு ஊறிரும். சூடு காட்டுனா வெடிச்சிரும். வெறுங்கையாத்தான் திருகணும். வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

ஜெய்லானி ஸ்பானரைக் குழலின் கழுத்தில் மாட்டினார். முத்துக்கருப்பன் மல்லாந்து படுத்து, மண்ணின் மேல் உள்ளங்கையைக் குடைபோலக் கவித்துக்கொண்டான். இம்மி இம்மியாகத் திருகினார். மரை ஒரு தடவை கிரீச்சிட்டது. இருவரும் மூச்சை அடக்கினார்கள். மறுபடி திருகினார். குழல் கையோடு வந்தது. மண் உதிரவில்லை. நடுவில் மட்டும் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டிருந்தது, தழும்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும்.

முத்துக்கருப்பன் அதைச் சட்டைப் பையில் வைத்தான். மற்றவர்கள் தீப்பெட்டி வைக்கிற பை. பட்டாசு லோடு ஓட்டுகிறவனுக்கு எப்போதும் காலியாகவே இருக்கிற பை.

மீதி வேலை சட்டென்று முடிந்தது. ஹப்பைக் கழுவி, புது சீலைக் கோணாமல் தட்டி உட்காரவைத்து, புது லைனிங் போட்டு, ஷாப்ட்டை ஏற்றி, புது மூச்சுக்குழலை மூடியோடு மாட்டி, ஆயில் அளவு பார்த்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆலங்குளம் ரோட்டில் போய்விட்டு வரலாம் என்று ஜெய்லானி சொன்னார். முக்கு வந்ததும் முத்துக்கருப்பன் கேட்காமலேயே வண்டியை எம். புதுப்பட்டிப் பக்கம் திருப்பினான். வைகாசிக்குப் பின் அவன் அந்த ரோட்டில் போனதில்லை என்பது ஜெய்லானிக்குத் தெரியும். லோடுக்குப் போகையில்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

பூட்டிக் கிடந்த ஆலைக்கு எதிரே நிறுத்தினான். கேட்டுக்கு உள்ளே, கூரை போன ஒரு அறையின் சுவர் கரி ஏறி நின்றது. அதைச் சுற்றி முள்ளுச்செடி வளர்ந்திருந்தது. ஜெய்லானி இறங்கி, இரண்டு பின்சக்கரங்களின் உட்புறமும் கைவிட்டுத் தடவினார். விரலில் புழுதிதான் ஒட்டியது.

“காஞ்சிருக்கு. ரெண்டும்.”

முத்துக்கருப்பன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் வண்டிக்கு அடியில் போயிருந்தான். ஒரு கையை மேலே தூக்கி, புதுக் குழலின் மூடி மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

“மூச்சு விடுது பாய்,” என்றான். “வெக்கையா இருக்கு.”

“ஆமா. அப்படித்தான் விடணும்.”

“இதுக்கா பயந்தே,” என்றான். அது ஜெய்லானியிடம் சொன்னது இல்லை.

ஜெய்லானி ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். வேலை முடிந்து போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கடந்து போனது. பூட்டின கேட்டைத் தாண்டும்வரை உள்ளே யாரும் பேசவில்லை. வெயில் இறங்கியது. ஆக்சில் ஆறும்போது இரும்பு டிக் டிக்கென்று சுருங்குகிற சத்தம் கேட்டது. முத்துக்கருப்பன் கையை எடுக்கவில்லை.

“போவமாலே? நாளைக்கு விடிய லோடு இருக்குன்னியே.”

“போவணும் பாய். போயிருவேன்.” கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில் சொன்னான். “இப்ப உள்ள இழுக்குது. என் கைய இழுக்குது.”

ஆறினால் எந்தக் கிரவுனும் காற்றை உள்ளே இழுக்கும். அதைச் சொல்லத்தான் ஜெய்லானி வாயைத் திறந்தார். சொல்லாமல், அவன் கை தானாக வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தார்.