கவுளி உத்தரவு

மேலத்தோப்பில் பேச்சுக்கு நடுவே ஒருவர் கையைத் தூக்கினால் எதிரே நிற்பவர் வாயை மூடிக்கொள்வார். ஹெலிகாப்டர் வருகிறது என்று அர்த்தம். அது தலைக்கு மேல் தடதடத்துப் போய், தென்னை ஓலை ஆடி அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சண்டைக்காரர்களும் அப்படித்தான். பாதி வசவைத் திட்டிவிட்டு மீதியைப் பத்திரமாக வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் மலையை ஒட்டிக் கிடந்ததுதான் ஊர் செய்த பாவம். அய்யனார் கோவில் அருவியையும் பிளவக்கல் அணையையும் மேலேயிருந்து காட்டுகிறேன் என்று ஒரு கம்பெனிக்காரன் ஊருக்குக் கிழக்கே பொட்டலை வளைத்துப் போட்டான். மண்ணை இறுக்கிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம், எதிரே தகரக் கூரை போட்ட டிக்கெட் அறை, அவ்வளவுதான் தளம். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள், ரோட்டை மறித்தார்கள். ஒரு மண்ணும் நடக்கவில்லை.

பாண்டிசெல்வி அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிறவளுக்குச் சத்தம் புதிதா என்ன? ஆனால் காளியம்மன் வாயையே அடைத்தால் எப்படிப் பொறுப்பாள்?

அந்த ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் உத்தரவு தர வேண்டும். செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் தறிகளை நிறுத்திவிட்டு, கைப்பிள்ளைகளை மடியில் அமர்த்திக்கொண்டு ஊரே கோவில் முன்னால் மூச்சுக் காட்டாமல் உட்காரும். எங்கேயாவது ஒரு கவுளி சொல்ல வேண்டும். பல்லியைத்தான் அங்கே கவுளி என்பார்கள். சொன்ன இடத்துக்கு நேர் முன்னால் முகூர்த்தக்கால் நட்டு, திருவிழாவை அறிவித்துப் பொங்கல் சாட்டுவார்கள். ஒரு வருஷம் கோவில் தலைவர் கருத்தையாவின் மாட்டுக்கொட்டகையில் சொல்லிவிட, மாட்டை அவிழ்த்து வெளியே கட்டிவிட்டு அங்கேதான் கால் நட்டார்கள். மூன்று செவ்வாய் கேட்டும் சொல்லாவிட்டால் அந்த வருஷம் பொங்கல் இல்லை.

இரண்டு செவ்வாய் போய்விட்டது. சூரியன் மறைவதை மேலேயிருந்து பார்க்கத்தான் கூட்டம் அதிகம், அந்த நேரத்தில் ஹெலிகாப்டர் ஓயவே ஓயாது. கவுளி சொல்லியும் இருக்கலாம், யார் கண்டது? அந்த இரைச்சலில் இடி விழுந்தால்கூடக் கேட்காது.

பாண்டிசெல்விக்குச் சோறு இறங்கவில்லை. அவள் புருஷன் தவசிமுத்து தென்னையிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது, "எம் புருசன எழுப்பிக் குடு தாயி, அக்கினிச்சட்டி எடுக்கேன்" என்று வேண்டியிருந்தாள். அவன் எழுந்துவிட்டான். போன வருஷப் பொங்கலுக்குப் பங்காளி வீட்டு இழவு, தீட்டென்று எடுக்க முடியவில்லை. இந்த வருஷமும் தவறினால் அம்மன் சும்மா இருப்பாளா? அவன் லேசாக நெற்றியைத் தேய்த்தாலே இவள் ஓடிப்போய்த் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்றாவது செவ்வாய்க்கு முன்னால், கம்பெனி மேனேஜர் சூர்யபிரகாஷ் பழத்தட்டோடு கோவிலுக்கு வந்தார்.

"இந்தச் செவ்வாய் சாயங்காலம் பறக்க மாட்டோம். பொங்கலன்னிக்கு ஹெலிகாப்டர்லேருந்து பூவும் தூவுறோம். இனிமே ஊர்ல யாரும் சத்தம்னு புகார் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

கருத்தையாவுக்கு வாயெல்லாம் பல். "வானத்துலருந்து பூவா! சேத்தூர்க்காரன் வயிறெரிஞ்சே செத்துருவாம்லே!"

"மாமா, செத்த இருங்க," என்று பாண்டிசெல்வி முன்னே வந்தாள். "ஒரு நா அம்மன் பேசுததுக்கு நாங்க ஆயுசுக்கும் வாய மூடணுமாக்கும்?"

மேனேஜர் சிரித்தார். "ஏம்மா, நாள் பூரா தறிச் சத்தத்துல கிடக்கீங்க. வந்து போற இந்தச் சத்தமா பெருசாத் தெரியுது?"

"தறிய நாங்களே ஓட்டுதோம், நாங்களே நிப்பாட்டுதோம். ஒங்க சத்தத்துக்கு சுவிட்ச் எங்கிட்டு இருக்கு? காட்டுங்க, அமத்திக்கிடுதோம்."

பொம்பளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகம் சுண்டிப்போய், "அப்போ செவ்வாய்க்கிழமையும் பறக்கும்," என்று சொல்லிவிட்டுத் தட்டோடு கிளம்பினார்.

"வலிய வந்த சீதேவிய எட்டி ஒதச்சுட்டியே, ஏட்டி!" என்று கருத்தையா தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாண்டிசெல்வி அழுதாள். வாய்த்துடுக்கில் புருஷன் உயிரைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று பயமாக இருந்தது. தவசிமுத்து, "நீ கேட்டது சரிதாம்ட்டி" என்றதும் இன்னும் அழுதாள்.

செவ்வாய் வந்தது. சூடம் ஏற்றி ஊர் உட்கார்ந்தது. ஹெலிகாப்டர் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. வேண்டுமென்றே கோவிலுக்கு மேலேயே திருப்பினார்கள். கருத்தையா கும்பிட்ட கையோடு "தாயி" என்று தொடங்கியதே அவர் காதுக்குக் கேட்கவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

பாண்டிசெல்வி எழுந்தாள். "மாமா, அம்மன் சூலத்த எடுங்க. சூலம் நிக்கிற எடந்தான கோவிலு? இங்க அவள பேச விடலைன்னா அவிய எடத்துலயே போயிக் கேப்போம்."

கருத்தையா வானத்தைப் பார்த்தார். பூ ஆசையெல்லாம் அவருக்குப் போயே போய்விட்டது. "எடுங்கலே!" என்றார்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஹெலிகாப்டர் இறங்கி அடுத்த ஆட்களை ஏற்றக் காத்திருந்தது. டிக்கெட் அறைக்கும் வட்டத்துக்கும் நடுவில் சூலத்தை ஊன்றி, ஊர் முழுக்கச் சுற்றி உட்கார்ந்தது. ஆள் நடுவில் விசிறியைச் சுற்ற முடியுமா? பைலட் இறங்கிப் போய் ஓரமாக நின்றார்.

மேனேஜர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கருத்தையா திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் தூக்கினார். பேச்சு நடுவில் எல்லோரும் தூக்குகிற அதே கை. மேனேஜர் என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டார்.

அப்புறம் அப்படியொரு அமைதி. தோப்பில் காற்று போவது கேட்டது. பாண்டிசெல்வி சுற்றிலும் பார்த்தாள். பொட்டல்காட்டில் கவுளிக்கு எங்கே போவது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐயோ, கோவில் சுவரில் இருப்பவள் இங்கே எப்படிப் பேசுவாள்? இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ டிக்கெட் அறை டியூப்லைட்டைப் போட்டார்கள், பூச்சிகள் மொய்த்தன.

டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து, தெளிவாக, கவுளி சொன்னது.

பொம்பளைகள் போட்ட குலவை மலையில் மோதித் திரும்பியது. பாண்டிசெல்வி தவசிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். "குடுத்துட்டா, உத்தரவு குடுத்துட்டா!"

கடப்பாரை வந்தது. அறைக்கு நேர் முன்னால் சுண்ணாம்பு வட்டத்துக்குள், ஹெலிகாப்டர் மூக்கை ஒட்டி முகூர்த்தக்கால் நிமிர்ந்தது. அதை வைத்துக்கொண்டு விசிறி அசையாது. போலீஸும் வந்தது. வந்த ஏட்டையா செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் கும்பிட்டார்.

மேனேஜர் ஏட்டையாவை விட்டுவிட்டுக் கருத்தையாவிடம் வந்தார். "இத எப்போ எடுப்பீங்க?"

"பொங்கல் முடியணும், கரகம் கரைக்கணும். பொறவு…" என்று கருத்தையா இழுத்தார்.

"பொறவு அம்மாகிட்ட கேக்கணும்," என்றாள் பாண்டிசெல்வி. "நடுததுக்கு உத்தரவு கேட்டோம்ல, பிடுங்குததுக்கும் கேக்கணும். கவுளி சொல்லணும்."

அப்படியொரு வழக்கம் மேலத்தோப்பில் என்றைக்கும் இருந்ததில்லை. கருத்தையா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, அதும் உண்டு," என்றார்.

"சொல்லலைன்னா?"

"சொல்லுத வரைக்கும் இருந்து கேப்போம்," என்றாள் அவள். "எங்களுக்கென்ன, தறிய நிப்பாட்டிட்டுத்தான் வந்திருக்கோம்."