தொடாமல் விட்ட தட்டு

நாகேஸ்வரி மேளம் வாங்கப் போகிறாள் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு, இந்தச் சின்ன ஒழுங்கைக்கு, என்னால் வந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பருத்தித்துறையில் எந்தக் கதை வெளியே வந்தாலும் இந்த றெஜினாவின் வாய்தான் என்று என்மேல் ஒரு பழி இருக்கிறது. இந்தக் கதையைக் கடைவாசலில் நின்று சிரித்துச் சிரித்துச் சொன்னவர் நாகேஸ்வரியின் புருசன் செல்வரட்ணம்தான்.

"மனுசிக்கு விசர் பிடிச்சிட்டுது. ஐம்பத்திரண்டு வயசிலை மேளம் அடிக்கப் போறாவாம். அதுகும் கரண்டிலை வேலை செய்யிற மேளம்."

செல்வரட்ணம் இரண்டு படகு வைத்திருந்த மனிதர். இடுப்பில் நாரி நோவு வந்தபின் ஒரு படகை விற்றுவிட்டார். மற்றதை மைத்துனர்மார் ஓட்டுகிறார்கள். வாசலில் கிடக்கும் பிளாஸ்ரிக் கதிரையை மட்டும் அவரே ஓட்டுகிறார். வீட்டை ஓட்டுவது நாகேஸ்வரி. முப்பது வருடமாகச் சந்தையில் மீன் விற்கிறாள். அவளிடம் பழைய மீனைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லக்கூடிய படகுக்காரன் இந்தக் கரையில் ஒருவனும் இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஏன் மேளம்? ஒழுங்கை இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டது. கொழும்பில் இருக்கும் மகள் சாருஜாவின் பிள்ளைக்கு என்றார்கள். யாரோ சாத்திரி பரிகாரம் சொல்லியிருக்கிறான் என்றார்கள். எனக்கு மட்டும் விசயம் தெரியும். மீன் வரும்வரை கரையில் குந்தியிருக்கும் நேரமெல்லாம் அவள் ஃபோனில் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் எட்டிப் பார்க்கவில்லை, ஃபோன்தான் என் பக்கம் சரிந்திருந்தது. ஏதோ ஒரு தேசத்தில், தலை முழுக்க நரைத்த ஒரு மனுசி, கறுப்புத் தட்டுகள் நடுவே உட்கார்ந்து இரண்டு தடியால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நாகேஸ்வரியின் பெருவிரல் மீன்கத்திப் பிடியில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. இப்படி இரண்டு வருடம். அந்த மேளத்தை எப்படிப் பூட்டுவது, எது பழுதாகும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லித்தரும் படங்களையும் அவள் விட்டு வைக்கவில்லை.

புதிது வாங்கக் கட்டாது. மானிப்பாயில் ஒரு பெடியன் தன்னுடையதை விற்கிறான் என்று ஃபோனில் விளம்பரம் வந்தது. எண்பத்தையாயிரம். அவள் சேர்த்து வைத்திருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் வேலியோடு நின்று எங்கள் குறோட்டன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மழை பெய்து நின்ற நாள்தான். செடிக்கு அது தெரியுமா?

"உன்ரை காசு, நீ என்னவும் செய்," என்றார் செல்வரட்ணம். "ஆனால் ஒண்டு. மீனிலை உன்னை ஏமாத்த ஏலாது. உதிலை உனக்கு என்ன தெரியும்? பழுதைக் கட்டிக் குடுத்து விடுவாங்கள். ஒரு தட்டுப் பழுதெண்டாலும் உது இந்த வாசல் படலைக்குள்ளாலை வரப்படாது. பிறகு மேளம் எண்ட கதையே இந்த வீட்டிலை எடுக்கப்படாது. சம்மதமோ?"

நாகேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சம்மதம்," என்றாள். "ஆனால் பழுதில்லையெண்டால், எங்கை வைக்கிறது, எப்ப அடிக்கிறது எண்டு நீங்கள் வாய் திறக்கப்படாது."

"சரி. சாட்சிக்கு ஆர்?" என்றார் செல்வரட்ணம்.

அவர் வேலிப் பக்கம் திரும்பவேயில்லை. "றெஜினா, தண்ணி விட்டது காணும். நாளைக்கு நீங்களும் போங்கோ. நீங்கள் கண்டால் ஊர் கண்ட மாதிரி."

இதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் சந்தை முடிந்த கையோடு புறப்பட்டோம். நாகேஸ்வரி நல்ல சேலை கட்டியிருந்தாள், கையில் மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளைப் பெட்டி. கழுவித்தான் இருந்தாள். ஆனாலும் யாழ்ப்பாண பஸ்ஸில் எங்களுக்கு முன்சீற்றில் இருந்தவர் நெல்லியடி வரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டே இருந்தார். யாழ்ப்பாணத்தில் மாறி மானிப்பாய் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் மடியில் கைப்பை, கைப்பையில் காசு, அதன் மேல் இரண்டு கை.

விற்கிறவன் பெயர் ஜெரிசன். இருபத்தாறு வயது இருக்கும். கலியாண வீடுகளில் வாசிக்கும் குழுவில் இருந்தவன், லண்டனுக்கு வீசா வந்துவிட்டதாம். தலைமயிரில் பாதி மஞ்சள். எங்களை ஒரு முறை பார்த்தான், பெட்டியை இரண்டு முறை பார்த்தான்.

"அன்ரி, பேரனுக்கோ?"

"எனக்கு."

சிரிப்பை அடக்க இருமினான். பாவம், நல்ல பிள்ளை, வடிவாகவே இருமினான்.

உள்ளறையில் மேளம் நின்றது. மேளம் என்று சொல்கிறேனே ஒழிய, தோலும் இல்லை, மரமும் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் கறுப்பு றப்பர் தட்டுகள் நாலு, சிஞ்சாத் தாளத்துக்குப் பதிலாக மெல்லிய தட்டுகள் மூன்று, காலால் மிதிக்க ஒரு பெடல், பக்கத்தில் பூசைப் புத்தகம் அளவில் ஒரு சின்னப் பெட்டி. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு வயர் போய் அந்தப் பெட்டியில் ஏறுகிறது. சத்தம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறதாம். காதில் ஹெட்போனைப் பூட்டினால் அடிக்கிறவளுக்கு மட்டும் கேட்கும். இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பக்கத்து வீட்டில் நடப்பது எனக்குக் கேட்காமல் போவதற்கும் ஒரு கருவி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜெரிசன் ஒரு ஸ்பீக்கரைக் கொழுவி, உட்கார்ந்து அடித்துக் காட்டினான். அறை அதிர்ந்தது. தடியை மேலே எறிந்து பிடித்தான். எனக்கு வாய் பிளந்துவிட்டது. நாகேஸ்வரி சந்தையில் நிற்கும் அதே முகத்தோடு நின்றாள். கண் மட்டும் அவன் கையோடு போய் வந்தது.

அவன் எழும்பியதும் அவள் தொடங்கினாள். றப்பரைப் பெருவிரலால் அமத்தி, விட்டதும் மேலே வருகிறதா என்று பார்த்தாள். மீன் வயிற்றை அமத்திப் பார்ப்பது இப்படித்தான். மெல்லிய தட்டுகளின் ஓரத்தைச் செவுள் மாதிரித் தூக்கிக் கீழே பார்த்தாள். ஒருமுறை மூக்கையும் கிட்டக் கொண்டுபோனாள். அது பழக்கதோசம் என்று நினைக்கிறேன். வயர் ஒவ்வொன்றையும் விரலுக்குள் விட்டு நுனிவரை உருவினாள்.

"தம்பி, நல்லா அடிக்கிறீர்."

"தாங்ஸ் அன்ரி."

"ஆனால் அந்த வலப்பக்கக் கடைசித் தட்டிலை ஒரு அடிகூட அடிக்கேல்லை."

ஜெரிசனின் முகம் கொஞ்சம் இறங்கியது. "அது... அது பெரிசாத் தேவைப்படாது அன்ரி. பழகிற ஆக்களுக்கு மற்ற மூண்டும் காணும்."

"தம்பி, கூடையிலை ஒரு மீனை மட்டும் கவிட்டு வைச்சிருந்தால் நான் அதிலைதான் முதல் கை வைப்பன்."

தடியை எடுத்து அந்தத் தட்டில் ஓங்கி ஒன்று போட்டாள். தொப். றப்பர்ச் சத்தம்தான். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை. இன்னொன்று போட்டாள். தொப்.

போச்சு. ஒரு தட்டுப் பழுது. ஒரு தட்டுப் பழுதானாலும் படலைக்குள் வரப்படாது. வீட்டுக்குப் போய்ச் செல்வரட்ணத்தாரின் சிரிப்பைப் பார்க்க வேண்டியதுதான் என்று பெட்டியைத் தூக்கப் போனேன்.

"வை," என்றாள் நாகேஸ்வரி. பிறகு அவனிடம், "தட்டுச் செத்துப் போச்சோ தம்பி?"

"ஓம் அன்ரி," என்றான் குனிந்துகொண்டு. "மூண்டு மாசமா. வாறவைக்குச் சொன்னால் வாங்கிறேல்லை."

"சொல்லாமல் விட்டால் வாங்குவினமோ? சரி. செத்த தட்டோடை என்ன விலை?"

எண்பது என்றான். அவள் ஐம்பது என்றாள். அவன் புதுசின் விலையைச் சொன்னான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். இந்த வாசல்வரை போகும் வேலையை முப்பது வருடமாகப் பார்க்கிறேன். எந்த அடியில் கூப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். செருப்பில் ஒரு காலை நுழைத்ததும் கூப்பிட்டான். அறுபதில் முடிந்தது.

அவளை ஓரமாக இழுத்தேன். "நாகேஸ், உனக்கும் விசரே? பழுதெண்டு தெரிஞ்சுகொண்டு வாங்கிறாய். அந்தாள் உள்ளை விடுமே?"

"பேசாமல் நில், றெஜினா." அவளுடைய மேலுதடு வேர்த்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன், அவளுக்கும் பயம்தான்.

காசைக் கொடுத்தாள். அவன் இரண்டு தரம் எண்ணிச் சட்டைப்பையில் வைத்தான்.

வைத்த பிறகு அவள் போய், பக்கத்தில் இருந்த நல்ல தட்டின் வயரைக் கழற்றினாள். செத்த தட்டில் இருந்த வயரைப் பிடுங்கி எறிந்தாள். நல்ல வயரைச் செத்த தட்டில் குத்தினாள். தடியை எடுத்தாள். ஒரு கணம் கண்ணை மூடியிருந்தாள், எந்தச் சாமியைக் கூப்பிட்டாளோ தெரியாது. அடித்தாள்.

டும்!

சுவரில் இருந்த கலண்டர் ஆடியது. ஜெரிசன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"வயர்தான் தம்பி," என்றாள் நாகேஸ்வரி. "நுனியிலை மடிஞ்சு, கறுப்பு ரேப் சுத்திக் கிடந்தது. தட்டு நல்ல உயிரோடை கிடக்குது. மூண்டு மாசமா நீர் ஒருக்கா மாத்திப் பாக்கேல்லையே?"

"அன்ரி... நீங்கள் முதலே..."

"காசு குடுக்கேக்கை எனக்கும் தெரியாது. சந்தேகம் மட்டும்தான். முதலே மாத்திப் பாத்திருந்தால் நீர் எண்பத்தைஞ்சிலைதானே நிண்டிருப்பீர்?"

அவன் நல்ல பிள்ளைதான், எல்லாவற்றையும் கழற்றிக் கட்டவும் உதவினான். தட்டுகளும் சின்னப் பெட்டியும் ஐஸ் பெட்டிக்குள் போயின. குழாய்களைக் கயிற்றால் கட்டினோம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தடியில் ஒரு கடையில் இறங்கி, நானூறு ரூபாவுக்குப் புது வயர் ஒன்றும் வாங்கினாள். கடைக்காரரிடம் பத்து ரூபா குறைக்கச் சொல்லிக் கேட்டதையும் இங்கே மறைக்கப் போவதில்லை.

பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டர் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெடலைப் பார்த்தார். "அக்கா, உது என்ன மீன்?"

"டிரம்," என்றாள் நாகேஸ்வரி, தலையை நிமிர்த்தி. அவர் அதற்கும் ஒரு ரிக்கற் கிழித்தார்.

நாங்கள் வந்து இறங்க ஒழுங்கையே வேலிகளில் நின்றது. யார் சொல்லி வந்தார்களோ! யாழ்ப்பாணத்தில் பஸ் நிற்கும்போது நான் நாலைந்து பேருக்கு ஃபோன் எடுத்தது உண்மைதான்; அது வேறு விசயம். செல்வரட்ணம் கதிரையைப் படலைக்கு நடுவிலேயே போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாட்சி சொல்லுங்கோ றெஜினா. எத்தினை பழுது?"

"ஒண்டும் இல்லை," என்றேன்.

"நான் பாக்கிறன்." பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து, விரல் மொளியால் குட்டினார். தொப், தொப், தொப், தொப். அவருடைய முகம் மலர்ந்தது. ஊரைப் பார்த்துத் திரும்பினார். "பாத்தியளே? நாலும் செத்துக் கிடக்குது!"

"கரண்ட் குடுங்கோ," என்றாள் நாகேஸ்வரி. "கரண்ட் இல்லாமல் உங்கடை ஃபானும்தான் செத்துக் கிடக்கும்."

ஒழுங்கை சிரித்த சிரிப்பில் காகம் கலைந்தது. படலையடியிலேயே வைத்துப் பூட்டினாள். உள்ளேயிருந்து நீள வயர் இழுத்து, வீட்டு ரேடியோப் பெட்டியில் கொழுவினாள். பிறகு ஒவ்வொன்றாக, இடமிருந்து வலமாக அடித்தாள். எல்லாம் பேசின. கடைசித் தட்டில் இரண்டு அடி கூடப் போட்டாள். அந்த இரண்டும் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்.

செல்வரட்ணம் எழும்பினார். கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்தார். படலை முழுதாகத் திறந்தது.

இனி அவள் அடிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். முதல் கிழமை ஹெட்போனோடு அடித்தாள். எனக்குக் கேட்டதெல்லாம் ஆரோ உரலில் எதையோ அரைகுறையாக இடிக்கிற சத்தம். இதைவிட மேளமே கேட்டிருக்கலாம். செல்வரட்ணம் சொன்ன வாக்கை மீறி வாய் திறக்க முடியாமல் மூன்று நாள் இருந்தார். கால் மிதிக்கிற பெடல் நிலத்தில் இடிக்க, அவருடைய கட்டிலும் கூடவே இடித்தது. நாலாம் நாள், படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த பழைய ரயர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். நாரி நோவோடு குனிந்து, அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு, மேளத்தை ஏற்றி வைத்தார். தன்னுடைய தலையிடி தீரத்தான் செய்தாராம். அப்படியென்றால் பலகை ஆடாமல் இருக்க நாலு மூலையிலும் கயிறு போட்டு ஏன் வரிந்து கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை, சந்தையால் வந்து குளித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி ரேடியோப் பெட்டியில் கொழுவினாள். யன்னலைத் திறந்தே விட்டாள். நான் அந்த நேரம் குறோட்டனுக்குத் தண்ணீர் விட வந்திருந்தேன். முதலில் மெதுவாக, பெரிய மீனைத் துண்டு போடுகிற மாதிரி ஒரே சீராய் வந்தது. பிறகு வேகம் பிடித்தது. நடுவில் ஒரு அடி பிந்தித்தான் வந்தது. சாட்சி என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் பிந்திய அடியை அவள் விடவில்லை, துரத்திப் போய்ப் பிடித்தாள். கடைசித் தட்டில் உருட்டி இறக்கியபோது என் கையில் இருந்த வாளி தானாகக் கீழே போய்விட்டது. தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேர் காலை ஊன்றி நின்றார்கள். ஒருவர் கையும் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து நாகேஸ்வரியின் ஃபோன் அடித்தது. வாசலில் இருந்த செல்வரட்ணம் எடுத்தார். ஜெரிசனுடைய குரல் வேலிவரை கேட்டது. இன்னொருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம், எழுபத்தைந்து தருவாராம், அன்ரி திருப்பிக் கொடுப்பாவோ என்று கேட்டான்.

செல்வரட்ணம் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து யன்னல் பக்கம் பிடித்தார். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு திரும்பக் காதில் வைத்தார்.

"கேட்டதே தம்பி? அவ அடிச்சுக்கொண்டிருக்கிறா. இப்ப கதைக்க நேரமில்லை."

வைத்துவிட்டு, கதிரையை யன்னலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.