வீங்கிய உதட்டுக்குச் சீவியது

அண்ணன் என் வாயில்தான் குத்தினான். கையிலோ முதுகிலோ போட்டால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். இருவருமே ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழல் வாசிக்கிறவர்கள். இசைக்குழுவில் காலியாக இருந்தது ஒரே இடம். மறுநாள் தேர்வுக்கு நானும் வருகிறேன் என்று சொன்னதுதான் குற்றம்.

குத்தியும் அவன் வெறி அடங்கவில்லை. மேசையிலிருந்த சீவாளிப் பெட்டியைக் கீழே தள்ளி, பூட்ஸ் காலால் கண்மண் தெரியாமல் மிதித்தான். ஓபோவின் முனையில் செருகி ஊதுகிற சீவாளி, நூலால் சேர்த்துக் கட்டிய இரண்டு மெல்லிய நாணல் தகடுதான். நகம் பட்டாலே பிளந்துவிடும். மகாராஜா மிதித்து முடித்த பிறகுதான், கீழ்த்தட்டில் அவனுடைய சீவாளிகளும் இருந்தது அவனுக்கு உறைத்தது. சிறுவயதிலிருந்து அவனுக்கும் சேர்த்துச் சீவுகிறவள் நான்தானே. பெரிய துரை, அவனுக்குக் கத்தி பிடிக்கக் கை வராது.

காலையில் கண்ணாடி பார்த்தேன். கீழுதடு வெடித்து, பன் மாதிரி உப்பியிருந்தது. பயமில்லை, ஆத்திரம்தான். இழுப்பறையில் சீவாமல் கிடந்த சீவாளி ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். இந்த உதட்டால் அழுத்த முடியாது. லேசாக வைத்தாலே ஒலிக்க வேண்டும். அதனால் முனையை வழக்கத்தைவிட மெலிதாகச் சீவினேன். ஊதிப் பார்ப்பேன், ரத்தம் கசியும், துடைத்துவிட்டு மறுபடி சீவுவேன். கடைசியில் மூச்சுப் பட்டதுமே அது காக்கை போலக் கரைந்தது. அந்தச் சத்தம் கேட்டு அண்ணன் வந்துவிட்டான்.

"அதக் குடு."

"இது எனக்கு."

"ரெண்டு பேருக்கும் சீவறவதானே நீ. குடுடீ."

கத்தி பிடித்த கையை முறுக்கினான். என் கத்தியே என் முன்கையைக் கிழித்தது. சீவாளியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அது அவன் வாய்க்கு ஆகாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஓபோவோடும் கத்திப் பையோடும் நானும் போனேன். தேர்வறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அண்ணனுக்கு உதட்டில் இரும்புப் பிடி. இரண்டு வரி வாசித்திருப்பான். அழுத்தம் தாங்காமல் மெல்லிய முனைகள் ஒட்டிக்கொண்டன. கீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் காற்று. மறுபடி அதே கீச்சு. எனக்கு வயிறு குளிர்ந்தது.

வெளியே வந்தவன் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் மோதினான். மண்டை ரீங்கரித்தது.

"என்னடி பண்ண இதுல? இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லியிருக்காங்க. சரி பண்ணு."

"சீவுனத ஒட்ட வைக்க முடியாது. இது நீ ஒடச்ச வாய்க்குச் சீவுனது. ஒனக்குப் பொருந்தணும்னா ஒன் வாயையும் இப்படி ஆக்கணும். ஆக்கட்டுமா?"

பையிலிருந்து கத்தியை எடுத்தேன். அண்ணன் காலரை விட்டான். அவன் ஓபோவிலிருந்து சீவாளியை உருவி, எச்சிலைத் துடைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

வாசிக்கும்போது உதடு மறுபடி வெடித்தது. ரத்தம் தாடையில் வழிந்து சட்டையில் சொட்டியது. வாசிப்பது யார் என்று தெரியாதிருக்கக் கட்டிய திரைக்கு அந்தப் பக்கம் இருந்த தேர்வாளர்களுக்கு அது தெரியாது. நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்தேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. அன்று மாலையே துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் வாசலை மறித்து நின்றான். அடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்வான் என்று, வெட்கங்கெட்டு, அப்போதும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"இனிமே எனக்கு யாரு சீவிக் குடுப்பா?" என்றான்.