திருப்பிப் போட்ட ஸ்வெட்டர்

என் மகள் மாரென் ஆசைப்பட்ட கல்லூரி, இடம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மார்ச்சில் சொல்கிறோம் என்று ஒத்திவைத்துவிட்டது. அவள் மடிக்கணினியை மூடிவிட்டு, சீஸ் மக்ரோனியை இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. இடம் கிடைத்ததும் கொடுக்கலாமென்று, அந்தக் கல்லூரியின் பெயர் தைத்த, உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்றிருக்கிற ஸ்வெட்டரை அக்டோபரிலேயே வாங்கி ஒளித்துவைத்த புத்திசாலி நான்.

அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் துலூத் ஊரில், பனி கொட்டிப் பள்ளிக்கூடம் லீவு விட வேண்டுமென்றால் குழந்தைகள் இரவு உடையை உள்புறம் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு தூங்குவார்கள். மேகத்தையே அசைக்கிற வித்தை ஒரு கல்லூரி அலுவலகத்தை அசைக்காதா? ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தேன். கனவெல்லாம் வெள்ளையாக இருந்தது.

காலையில் அதே கோலத்தில் சமையலறைக்குப் போய்விட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி, சாலை, எங்கள் கார் எதையும் காணோம். பனி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூடம் லீவுப்பா," என்ற மாரென், என் மார்பில் இடவலம் மாறித் தெரிந்த தையலை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஐயோ அப்பா! உன் மந்திரம் அட்ரஸ் மாறிப் போயிடுச்சு."

"கடையில திருப்பிக் குடுத்திடறேன் கண்ணு."

"ஒண்ணும் வேணாம், கழட்டு." வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டாள். "மார்ச்ல சரின்னு சொன்னா நேரா போட்டுக்கறேன்."

"சொல்லலேன்னா?" என் வாய் சும்மா இருக்குமா?

"பஞ்சுப் பக்கம் வெளிய இருக்கு. இதுவும் நல்லாத்தான் இருக்கு, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். பனி மாதிரியே இருந்தது, குளிர் மட்டும் இல்லை.