ஒரு சாண் நூல்

நூல் தொங்கினால் அவளுக்குப் பொறுக்காது. பேருந்தில் முன்னால் நிற்கும் முகம் தெரியாத பெண்ணின் சட்டைக் கையில் ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தால்கூட விரல்கள் துறுதுறுக்கும். வீட்டு முன்னறையில் இருபது வருடமாகத் தையல் மிஷின் மிதித்த கை. தைத்து முடித்ததும் தற்காலிகமாகப் போட்ட ஓட்டுத் தையலை ஒரே இழுப்பில் உருவிவிடுவாள். "அண்ணி இழுத்தா துணிக்கே தெரியாது" என்பாள், பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் நாத்தனார்.

நாத்தனாருடைய பூனைக்கு மேனேஜர் என்று பெயர். துணி வெட்டும் மேசைமேல் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு இருவரையும் மேற்பார்வை பார்க்கும். வாழப் போன வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவளின் மடியில், எங்கிருந்தோ வந்து தானாக ஏறிய குட்டி அது. அதற்கப்புறம்தான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை நாத்தனார் குளித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் மேசையிலிருந்து குதித்து நடந்தபோது வாலுக்கடியில் சிவப்பு நூல் தொங்கியது.

"நூலையா தின்னு வெச்சே? சம்பளம் பத்தலையா உனக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் கை போய்விட்டது. ஒரு சாண் வந்தது. பிறகு எங்கோ பிடித்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள், அறுந்தது. குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். ஒரு வேலை முடிந்த திருப்திகூட இருந்தது.

அன்று சாயங்காலமே மேனேஜர் வாந்தி எடுத்தது. மறுநாள் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தது, வயிற்றைத் தொட்டால் முனகியது. இருவரும் துணிக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கால்நடை மருத்துவர் பூனையின் நாக்கைத் தூக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது.

"பூனை நாக்கு முள்ளு முள்ளா இருக்கும்மா. நூல் வாய்க்குள்ள போனா துப்ப முடியாது, முழுங்கத்தான் செய்யும். ஒரு முனை இங்க மாட்டிக்கிச்சு. குடல் நாடா இழுத்த பாவாடை மாதிரி சுருங்கிப்போச்சு." கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார். "பின்னால நூல் தெரிஞ்சுதா? யாராவது இழுத்தீங்களா? இழுத்தா குடலையே அறுத்துடும்."

"இல்லையே" என்றாள் அவள். யோசிக்கும் முன்பே வந்துவிட்ட பதில்.

வயிற்றைத் திறந்தபோது குடல் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. மேனேஜர் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

"என் தப்பு அண்ணி" என்று நாத்தனார் சொல்ல ஆரம்பித்தாள். "நூல்கண்டை டப்பாவுல போட்டு மூடுன்னு தலைப்பாடா அடிச்சுக்குவீங்க. நான்தான் கேக்கல."

"உன் தப்பு இல்லம்மா."

எத்தனை தடவை சொன்னாலும் அது வெறும் ஆறுதலாகத்தான் விழுந்தது. உண்மையாக விழ வேண்டுமென்றால் மீதியையும் சொல்ல வேண்டும். நாத்தனாருக்கென்று இந்த வீட்டில் இருந்தது ரெண்டே ரெண்டு துணை, ஒன்று போய்விட்டது. நானும் துணை இல்லையென்று ஆகிவிட்டால் எங்கே போவாள்? இப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே தெரிந்தது, பயம் நாத்தனாருக்காக அல்ல என்று.

சனிக்கிழமை மத்தியானம் நாத்தனார் மிஷினுக்கடியில் மண்டியிட்டு ஒவ்வோர் இழையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோற்றுத் தட்டு அப்படியே ஆறிக் கிடந்தது.

"இனிமே நான் ஊசியைத் தொடல அண்ணி. அந்த வீட்டுல அவங்க சொன்னது சரிதான். என் கை பட்டது எதுவும் தங்காது."

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"நான்தான் இழுத்தேன்."

நாத்தனாரின் கை தரையிலேயே நின்றது.

"செவ்வாய்க்கிழமை. நீ குளிச்சிட்டிருந்தே. வால் கிட்ட நூல் தொங்குச்சு. இழுத்துட்டேன். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன்."

திட்டுவாள், எழுந்து பெட்டியை எடுப்பாள் என்று காத்திருந்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எவ்வளவு வந்துச்சு?"

"ஒரு சாண்."

"கத்துச்சா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. "கத்தல. திரும்பி என்னைப் பாத்துச்சு."

நாத்தனார் தலையைக் குனிந்தாள். உள்ளங்கையில் சேர்த்து வைத்திருந்த நூல்களை விரல் மடக்கி இறுக்கினாள்.

"உங்களைத்தானே பாத்துச்சு, அதான் கத்தல" என்றாள். "உங்க கையை அதுக்குத் தெரியும்."